துஆவா, தவாவா? – ஏர்வாடி விவாதம் கேட்க மறந்த கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின், கீழ்வேளூரில் என் வீட்டுத் திண்ணையில் ஒரு தந்தை வந்து அமர்ந்தார். உடன் வந்த அவருடைய மகன் என்னிடம் இரண்டாண்டுகள் அரபு இலக்கணம் பயின்றவன். சில மாதங்களாக அவனுக்கு உறக்கமில்லை, தனக்குள் பேசிக்கொள்கிறான், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறான். தந்தை கேட்டார்: "ஹஜரத், பையனை நாகூருக்குக் கொண்டு போகவா, தஞ்சாவூருக்குக் கொண்டு போகவா?" நாகூர் என்றால் தர்கா, தஞ்சாவூர் என்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எங்கள் ஊர் வழியே செல்லும் ஒரே ரயில் பாதையில் ஒன்று கிழக்கே இருக்கிறது, மற்றொன்று மேற்கே இருக்கிறது.

நான் அரை மணி நேரம் பேசினேன். மருத்துவம் செய்துகொள்வது ஸுன்னத் என்பதற்கு ஆதாரங்களைச் சொன்னேன். துஆவை மறுப்பவனல்லன் நான் என்பதையும் விளக்கினேன். தஞ்சாவூர் என்று முடிவாயிற்று. அவர்கள் எழுந்து போன பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த அரை மணி நேரமும் அவன் திண்ணையின் மறுகோடியில் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தான். அவனிடம் நாங்கள் இருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இது என் ஒருவனுடைய பிழையாக இருந்தால் இங்கே எழுத வேண்டியதில்லை. தமிழகத்தில் மனநோயாளிகளைப் பற்றி நாம் நடத்திய மிகப் பெரிய பொது விவாதமும் இதே பிழையோடுதான் நடந்தது. 2001இல் ஏர்வாடியில் நிகழ்ந்த தீ விபத்தையொட்டி எழுந்த விவாதத்தைத்தான் குறிப்பிடுகிறேன். அதில் பேசிய தரப்புகளின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, அவற்றில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று சீர்தூக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது என்ன?

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் அடங்கியுள்ள சுல்தான் சையித் இபுறாஹீம் ஷஹீது பாதுஷா நாயகம் அவர்களின் தர்காவுக்கு மனநோயாளிகளை அழைத்து வருவது நெடுங்கால வழக்கம். முஸ்லிம்களைப் போலவே இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வருகின்றனர். கனவில் உத்தரவு கிடைக்கும் வரை தங்கியிருப்பது அங்குள்ள நம்பிக்கை. அந்த உத்தரவு வாரங்களில் வரலாம், ஆண்டுகளும் ஆகலாம். உடனிருந்து காத்திருக்க இயலாத குடும்பங்கள் பணம் கொடுத்து நோயாளியை விட்டுச் செல்வதற்கென்று தர்காவைச் சுற்றித் தனியார் இல்லங்கள் பல தோன்றின.

அவற்றுள் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. அங்கிருந்த 43 பேரில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 25 பேர் அங்கேயே கருகி மாண்டனர். பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து 28 பேர். ஒரு வாரத்திற்குள் ஏர்வாடியின் இல்லங்கள் அனைத்தும் மூடப்பட்டன. ஐநூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் வந்தனர். ஒரு பகுதியினர் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திற்கு அனுப்பப்பட்டனர், மற்றவர்கள் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டனர். மாநில அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. 2007இல் இல்லத்தை நடத்தியவருக்கும் அவருடைய குடும்பத்தாருக்கும் ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

முதல் தரப்பு: மருத்துவமும் நீதிமன்றமும்

முதலில் ஒலித்த குரல் பகுத்தறிவின் பெயரால் ஒலித்தது. மூடநம்பிக்கையே 28 உயிர்களைக் குடித்தது, நோயாளிகளை மருத்துவரிடம் ஒப்படைத்தால் தீர்ந்தது என்பதே அதன் சாரம். உச்ச நீதிமன்றம் 2002இல் பிறப்பித்த ஆணையிலும் இதன் எதிரொலி உண்டு. சங்கிலியிடுவது சட்டவிரோதம் என்பதையும், மனநோயாளிகளைக் கோயில், தர்கா போன்ற சமயத் தலங்களுக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் கிராமப்புற மக்களுக்கு எடுத்துச் சொல்லுமாறு அது அரசுகளைப் பணித்தது. மாநிலந்தோறும் அரசு நடத்தும் மனநல மருத்துவமனை ஒன்றேனும் இருக்க வேண்டும் என்றும் கூறியது.

சங்கிலியைப் பற்றிய பகுதியில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. மற்றப் பகுதியைத்தான் ஆராய வேண்டியுள்ளது. மாநிலத்திற்கு ஒரு மருத்துவமனையாவது வேண்டும் என்று நீதிமன்றமே ஆணையிட வேண்டியிருந்த ஒரு நாட்டில், தர்காவுக்குப் போகாதே, மருத்துவரிடம் போ என்பது எத்தனை பேர் பின்பற்றக்கூடிய அறிவுரை? 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993இலேயே நடைமுறைக்கு வந்திருந்தது. உரிமம் இன்றி மனநோயாளர் இல்லம் நடத்தக் கூடாது என்று அது கூறியது. எட்டு ஆண்டுகளாக அச்சட்டம் ஏர்வாடிக்கு வந்து சேரவில்லை. அந்தத் தாமதத்துக்கு மூடநம்பிக்கையைக் காரணம் காட்ட இயலாது.

மருத்துவமனைகளின் நிலை மட்டும் என்ன? நாட்டின் 37 மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் வெளியிட்ட அறிக்கை, அவற்றுட் பல சிறைச்சாலைகளைப் போல இருப்பதாகக் கூறியது. ஏர்வாடி எரிந்த அதே 2001இல், மயக்க மருந்து இன்றி மின்னதிர்ச்சிச் சிகிச்சை அளிப்பதைத் தடை செய்யக் கோரி ஒரு தொண்டு நிறுவனம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. மயக்க மருந்து வல்லுநர்கள் போதிய அளவில் இல்லாத இடங்களில் வேறு வழியில்லை என்று மனநல மருத்துவர்களிற் சிலர் அப்போது வாதிட்டனர். ஏர்வாடி இல்லத்துக்காரரின் வாதமும் இதுவே அன்றோ? பார்த்துக்கொள்ள ஆளில்லை, எனவே சங்கிலி என்று அவர் சொன்னார். ஆள் பற்றாக்குறையை நோயாளியின் உடல்மீது சுமத்துவதில் கற்றவரும் கல்லாதவரும் ஒத்துப்போனார்கள்.

இத்தரப்பு கவனிக்கத் தவறிய மற்றொரு செய்தியும் உண்டு. 2002ஆம் ஆண்டு ஜூலையில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் தமிழகத்துக் கோயில் ஒன்றைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ரகுராம் முதலியோர் அதை நடத்தினர். வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை அவர்கள் ஆராய்ந்தனர். நோயாளிகள் குடும்பத்தாரோடு சராசரியாக ஆறு வாரம் தங்கினர், மருந்து கொடுக்கப்படவில்லை, நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே இதற்குக் காரணமாகலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 31 பேர் என்பது சிறு தொகை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. ஆகவே இதைக் கொண்டு மருந்து வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஆயினும் சமயத் தலத்தில் தங்குவதும் சங்கிலியில் கிடப்பதும் ஒன்றல்ல என்பதை உணர்த்த இது போதும். நம் காவிரிக் கரையிலேயே குணசீலம் பெருமாள் கோயிலில் நோயாளிகள் ஒரு மண்டலம் தங்கும் வழக்கம் உண்டு. அங்கே மனநல மறுவாழ்வு மையமும் மருத்துவரின் வருகையும் பின்னர் ஏற்படுத்தப்பட்டன. தலத்தையும் மருத்துவத்தையும் பகையாக்காமலே காரியம் நடக்கக்கூடும் என்பதற்கு அது சான்று.

இரண்டாம் தரப்பு: தர்காவின் பாதுகாவலர்

அடுத்து எழுந்தது நம்மவர்களின் குரல். இல்லங்களை நடத்தியது தர்கா நிர்வாகமன்று, தனியாரே. அவர்களின் குற்றத்துக்காக ஓர் இறைநேசரின் பெயரைக் களங்கப்படுத்தலாமா என்று கேட்டனர். செய்தி உண்மைதான். எனினும் வாதம் அரைகுறையானது. அந்த இல்லங்கள் தர்காவின் நிழலில் வளர்ந்தன. பாதுஷா நாயகத்தின் பெயரையே சூடிக்கொண்டன. காலில் சங்கிலியோடு மனிதர்கள் ஸியாரத்துக்கு அழைத்து வரப்பட்டதை ஊரே கண்டது. கண்டவர்கள் அதைச் சிகிச்சையின் ஒரு பகுதி என்று எண்ணினார்கள், அல்லது எண்ணாமலே கடந்து போனார்கள். நானும் என் இளமையில் நாகூரிலும் பிற இடங்களிலும் கயிற்றால் கட்டப்பட்டவர்களைக் கண்டு கடந்து போனவனே.

இறைநேசர்களின்பால் உள்ள அன்பு வேறு. அவர்களின் வாசலில் நடக்கும் அநியாயத்தின்பால் காட்டும் பொறுமை வேறு. கந்தூரிக்கும் கொடியேற்றத்துக்கும் நேரம் குறித்து ஒழுங்குபடுத்தத் தெரிந்த ஒரு சமுதாயத்திற்கு, இவ்வாசலுக்குச் சங்கிலியோடு எவரையும் கொண்டுவராதீர் என்று ஒரு பலகை வைக்கத் தெரியாமற் போனது ஏன்? இந்தக் கேள்விக்கு இத்தரப்பிடம் விடையில்லை.

மூன்றாம் தரப்பு: சீர்திருத்தவாதிகள்

மூன்றாவதாக, தவ்ஹீதின் பெயரால் பேசியவர்கள். கப்ருகளில் தேவையைக் கேட்பது ஷிர்க் என்பது அவர்களின் நிலைப்பாடு. ஏர்வாடி அதற்கு ஒரு சான்றாக மேடைதோறும் எடுத்துக்காட்டப்பட்டது. அகீதா பற்றிய அவ்விவாதத்தில் இங்கே நான் நுழையவில்லை. அது தனக்குரிய இடத்தில் நடக்கட்டும். நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. 28 பேர் மேடைப் பேச்சில் ஓர் உதாரணமாக ஆயினர். மாண்டவர்களின் குடும்பங்கள் ஏன் அவர்களை அங்கே விட்டுச் சென்றன, மீண்டவர்கள் எங்கே போனார்கள் என்ற விசாரணை அந்த மேடைகளில் நடைபெறவில்லை.

தர்காவை விட்டு விலகிய குடும்பங்கள் எல்லாம் மருத்துவரிடம் போய்விடவும் இல்லை. ருக்யா என்ற பெயரில் ஓதிப் பார்க்கும் தொழில் ஒன்று வளர்ந்துள்ளது. குர்ஆன் ஓதி நிவாரணம் தேடுவதற்கு ஸுன்னத்தில் ஆதாரம் உண்டு. ஆனால் ஜின்னை விரட்டுவதாகச் சொல்லி நோயாளியை அடிப்பதற்கும், மாத்திரைகளை நிறுத்தச் சொல்வதற்கும், மாதக்கணக்கில் பணம் பறிப்பதற்கும் எந்த ஸுன்னத்தில் ஆதாரம்? கப்ரின் அருகில் நடந்தால் அநியாயம், தொழுகை விரிப்பின்மேல் நடந்தால் சிகிச்சை என்று சொல்ல முடியுமா?

நான்காம் தரப்பு: நம் பழம்பெருமை

என்னைப் போன்ற அரபுக் கல்லூரி ஆசிரியர்களும் கட்டுரையாளர்களும் சேர்ந்த தரப்பு ஒன்று மீதமுள்ளது. ஐரோப்பா மனநோயாளிகளை விலங்கிட்ட காலத்தில் இஸ்லாமிய உலகம் அவர்களுக்கு பீமாரிஸ்தான்கள் அமைத்தது என்று நாம் எழுதினோம். டமாஸ்கஸில் நூருத்தீன் ஸங்கீ 1154இல் நிறுவிய மருத்துவமனை, கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய மன்ஸூரீ மருத்துவமனை, எடிர்னேயில் இரண்டாம் பாயஸீத் 1488இல் எழுப்பிய வளாகம் ஆகியவற்றை வரிசையாகக் குறிப்பிட்டோம். எடிர்னேயில் இசையாலும் மலர்களின் மணத்தாலும் சிகிச்சை செய்தனர் என்று பயணி எவ்லியா செலெபி எழுதியதையும் எடுத்துக்காட்டினோம்.

அதே எவ்லியா செலெபி, அதே இடத்தில், நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததையும் எழுதியுள்ளார். அதை நாம் விட்டுவிட்டோம். ஃபெஸ் நகரத்து மருத்துவமனையில் இளமையில் எழுத்தராகப் பணியாற்றிய ஹஸன் அல்வஸ்ஸான், ஐரோப்பியர் லியோ ஆப்ரிகானுஸ் என அழைக்கும் அறிஞர், அங்கே பித்துற்றோர் கனத்த சங்கிலிகளில் கட்டுண்டு கிடந்ததைப் பதிவு செய்துள்ளார். மைக்கேல் டால்ஸ் 1992இல் வெளியிட்ட 'மஜ்னூன்' என்ற ஆய்வு நூல் இஸ்லாமிய உலகின் கருணையையும் கடுமையையும் ஒருசேரக் காட்டுகிறது. வக்ஃபு சொத்தின் வருவாயில் ஏழை மனநோயாளிக்கு உணவும் உடையும் மருந்தும் வழங்கியது உண்மையான பெருமை. பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு சங்கிலியை மறைத்தால், ஏர்வாடிச் சங்கிலி எங்கிருந்தோ வந்து விழுந்தது போலத் தோன்றும். அது நம் வரலாற்றிலும் இருந்தது. ஒப்புக்கொண்டால்தான் கழற்ற முடியும்.

ஜின்னா, பித்தமா?

துஆவா தவாவா என்ற கேள்விக்குக் கீழே மறைந்து கிடப்பது மற்றொரு கேள்வி: நோய்க்குக் காரணம் ஜின்னா, உடலா? நம் முன்னோர் இதில் ஒருமித்த கருத்துடையவர்களாக இருந்ததில்லை. முஃதஸிலாக்களில் அல்ஜுப்பாஈ போன்றோர் ஜின் மனித உடலில் நுழைவதை மறுத்தனர். இப்னு தைமிய்யா (ரஹ்) அதை ஏற்றார். இப்னுல் கய்யிம் (ரஹ்) வலிப்பு நோயை இருவகையாகப் பிரித்து, உடலின் காரணத்தால் வருவதும் உண்டு என்றார்.

இப்னு ஸீனாவின் கருத்தோ இவ்விவாதத்தையே கடந்து செல்வது. மெலங்கோலியா என்னும் மனநோயைப் பற்றி 'அல்கானூன்' நூலில் எழுதும்போது, இது ஜின்னால் வருவதென்று சில மருத்துவர்கள் கருதுவதை அவர் குறிப்பிடுகிறார். மருத்துவம் கற்கும் நமக்கு அது ஜின்னால் வந்ததா இல்லையா என்பது ஒரு பொருட்டன்று என்கிறார். ஜின்னாலேயே வந்திருந்தாலும் உடலின் தன்மையைக் கரும்பித்தமாக மாற்றித்தானே நோய் உண்டாகிறது, அந்த அண்மைக் காரணத்துக்கு நாம் வைத்தியம் செய்வோம் என்பதே அவர் வாதம். கரும்பித்தக் கொள்கையை இன்றைய மருத்துவம் கைவிட்டுவிட்டது. வாதத்தின் அமைப்பு இன்றும் பயன்படும். மகனுக்கு ஜின் பிடித்துள்ளது என்று உறுதியாக நம்பும் ஒரு தாயிடம் அந்த நம்பிக்கையைப் பிடுங்காமலே, உம்மா, எதனால் வந்திருந்தாலும் உறக்கம் கெட்டது உடலில்தானே, அதற்கு மருந்து கொடுப்போம் என்று ஓர் ஆலிம் சொல்லலாம்.

அபூ ஸைத் அல்பல்கீயை நம் மதரஸாக்கள் ஏறக்குறைய மறந்துவிட்டன. ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அவர் எழுதிய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலின் முதற்பகுதி உடல் நலத்தையும் இரண்டாம் பகுதி உள்ளத்தின் நலத்தையும் பேசுகிறது. காரணம் தெரிந்த துயரத்தையும் காரணம் தெரியாது கவியும் துயரத்தையும் அவர் பிரித்துக் காட்டினார். பின்னதற்கு உடலில் வேர் உண்டு, அதற்கு உடல் மருத்துவம் வேண்டும் என்றார். வஸ்வாஸ் என்னும் ஓயாத எண்ணத் தொல்லைக்குத் தனி இடம் ஒதுக்கினார். உடலை மட்டும் பார்த்து உள்ளத்தை விட்டுவிடும் மருத்துவர்களையும் அவர் கண்டித்தார். இஸ்தான்பூலில் இருந்த அதன் கையெழுத்துப் படி 1984இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃபுவாத் ஸெஸ்கின் முயற்சியால் ஒளிநகலாக வெளிவந்தது. உள்ளத்தைப் பற்றிய பகுதியை மாலிக் பத்ரீ ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே துஆவும் தவாவும் எதிரெதிர் முகாம்களாக இல்லை என்பதற்கு இந்நூலே போதிய சான்று.

இரண்டு பெண்கள்

இதுவரை நாம் கண்ட நான்கு தரப்பும் நோயாளிக்கு எது நல்லது என்றே வாதிட்டன. நோயாளியைக் கேட்க வேண்டுமா என்பது எழவில்லை. ஹதீஸ் நூல்களில் இரு நிகழ்ச்சிகளை நாம் ஆண்டுதோறும் ஓதிக் கொடுக்கிறோம். அவற்றை இந்தக் கண்ணோடு மீண்டும் பார்க்க வேண்டும்.

முதலாவது, புகாரீயில் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக அதாவு அறிவிப்பது. வலிப்பு நோயுற்ற ஒரு கறுப்பினப் பெண்மணி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்யக் கேட்டார். நபிகளார் உடனே தாமாக ஒன்றைத் தேர்ந்து கொடுக்கவில்லை. பொறுமை கொண்டால் சுவனம் உண்டு என்றும், விரும்பினால் குணமாக துஆச் செய்வதாகவும் கூறி, இரண்டையும் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். வலிப்பு வரும்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆக் கேட்டார். நபிகளார் அதற்காக துஆச் செய்தார்கள். நோயைவிட மானம் கெடுவதே அப்பெண்மணிக்குப் பெருந்துன்பமாக இருந்தது. கேட்டதனால்தான் அது தெரிந்தது.

இரண்டாவது, முஸ்லிமில் அனஸ் (ரலி) அறிவிப்பது. அறிவில் ஏதோ குறை இருந்த ஒரு பெண் நபிகளாரிடம் தமக்கு ஒரு தேவை இருப்பதாகச் சொன்னார். எந்தத் தெருவில் நின்று பேசலாம் என்பதை அப்பெண்ணே தீர்மானிக்கும்படி நபிகளார் கூறினார்கள். அவர் பேசி முடிக்கும் வரை வழியோரத்தில் உடன் நின்றார்கள். அப்பெண் என்ன கேட்டார் என்பதை அறிவிப்பு சொல்லவில்லை. நின்று கேட்டார்கள் என்பதே அறிவிக்கத் தக்க செய்தியாக அனஸ் (ரலி) அவர்களுக்குப் பட்டிருக்கிறது.

ஃபிக்ஹு நூல்களில் பைத்தியம் என்னும் நிலை பெரும்பாலும் சொத்து, மணம், தண்டனை ஆகிய தலைப்புகளின் கீழ் வருகிறது. நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' இன்றும் பாடநூல். அதன் ஹஜ்ரு பாடத்தில், பைத்தியத்தால் ஒருவரின் பொறுப்புரிமைகள் நீங்கும், அவர் சொல் சட்டத்தில் செல்லாது என்று வருகிறது. அடுத்து வருவதை நாம் விரைந்து படித்துவிடுகிறோம்: தெளிவு திரும்பியதும் அத்தடை நீங்கிவிடும். விட்டு விட்டு வரும் பித்தில், தெளிந்திருக்கும் நேரத்தில் அவர் தொழுகை முதலிய கடமைகளுக்கு உரிய முழு மனிதர். ஒருமுறை மஜ்னூன் என்று பெயர் வைத்தால் சாகும்வரை மஜ்னூன் என்பது ஃபிக்ஹு அன்று. அது ஊர் வழக்கம். பொறுப்பாளரான வலீயின் அதிகாரமும் நோயாளியின் நலனுக்குக் கட்டுப்பட்டதே. அறிவு முதிராதோரிடம் சொத்தை ஒப்படைக்க வேண்டாம் என்று கூறும் அந்நிஸா அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம், அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, நயமாகப் பேசவும் கட்டளையிடுகிறது. சொத்தின்மேல் தடை விதித்த அதே வசனத்தில் பேச்சின் முறையும் சொல்லப்பட்டிருக்கிறது.

புதிய சட்டமும் பழைய கடமையும்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. எவ்விதத்திலும் சங்கிலியிடுவதையும், மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இன்றி மின்னதிர்ச்சி கொடுப்பதையும் அதன் 95ஆம் பிரிவு ஒருசேரத் தடை செய்கிறது. 2001இல் தனித்தனியே நடந்த இரு விவாதங்களும் ஒரே பிரிவில் வந்து முடிந்தன. நோயாளி தெளிவோடு இருக்கும்போதே தனக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டி எழுதி வைக்கலாம்; தனக்காகப் பேசும் பிரதிநிதியைத் தானே நியமிக்கலாம். தெளிவு வந்து போகும் தன்மையது என்ற 'மின்ஹாஜி'ன் புரிதலுக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை. 2019 ஜனவரியில், உத்தரப் பிரதேசம் பதாயூனில் சமயத் தலம் ஒன்றில் நோயாளிகள் சங்கிலியில் கிடந்தது குறித்த வழக்கில், அது சட்டத்துக்கும் மனித மாண்புக்கும் முரணானது என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்ல நேர்ந்தது. ஏர்வாடிக்குப் பின் பதினேழு ஆண்டுகள் கடந்திருந்தன.

சட்டத்தின்மேல் மாற்றுக் கருத்துகளும் உள்ளன. நோயாளியின் சம்மதமின்றிச் சேர்க்க இன்னும் வழி விட்டிருக்கிறது என்று மாற்றுத்திறனாளர் உரிமைக்காகப் பேசுவோர் குறை கூறுகின்றனர். மருத்துவர் பலர், முன்கூட்டி எழுதி வைப்பது நம் நாட்டில் நடைமுறைக்கு ஒவ்வாது என்கின்றனர். தன்னையோ பிறரையோ தாக்கும் நிலையில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்பது நியாயமான வினா. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மருத்துவரின் பொறுப்பில், உடலைக் கட்டுப்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. அந்நேரம் கடந்ததும் கேட்கும் கடமை திரும்பி வந்துவிடுகிறது. நம் தவறு, ஓர் இரவின் நிலையைக் காட்டிப் பல ஆண்டுகள் கேளாதிருந்ததே.

குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் 2008இல் தொடங்கிய 'தவா–துஆ' ஏற்பாட்டைப் போல, ஏர்வாடியிலும் தர்கா வளாகத்தை ஒட்டியே மனநல மருத்துவம் கிடைக்க வழி செய்யப்பட்டது. ஓதுபவரும் மருத்துவரும் ஒருவரையொருவர் பழிக்காமல் நோயாளியை அனுப்பிக்கொள்ளும் இம்முறையை மனமார வரவேற்க வேண்டும். துஆவா தவாவா என்ற பழைய வழக்கு அத்துடன் பெருமளவு தீர்ந்தது. நான் எழுப்பும் கேள்வி அதன்பின்னும் மிஞ்சுகிறது. இரண்டு வாசலுக்கும் நோயாளி தன் விருப்பத்தைச் சொல்லிப் போகிறாரா, இழுத்துச் செல்லப்படுகிறாரா?

மற்றொன்று வீட்டைப் பற்றியது. குடும்பத்தாரோடு வாழும் வீட்டை 'மனநல நிறுவனம்' என்ற வரையறையிலிருந்து சட்டம் விலக்கியிருக்கிறது. ஆய்வாளர் எவரும் அங்கே வருவதில்லை. 2015–16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமலே இருப்பதாகக் கண்டது. அவர்களிற் பெரும்பாலோர் இருப்பது வீட்டில். பகலெல்லாம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டு, இரவில் விழித்திருந்து காவல் காக்க முடியாத ஒரு தாயின் கையில் கயிறு வந்து சேர்கிறது. அவளைக் கொடியவள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவளுக்கு மாற்று ஆள் அனுப்பாத ஜமாஅத்துக்குத்தான் அச்சொல் பொருந்தும். ஏழைக்குரிய ஸகாத் நிதியிலிருந்து மாத மருந்துக்கும் பயணச் செலவுக்கும் கொடுக்கலாம். இரவில் முறை வைத்துத் துணையிருக்க உறவினரை ஏற்பாடு செய்யலாம். ஹஜ்ரு பாடத்தை நடத்தும்போது மேற்சொன்ன இரு ஹதீஸ்களையும் சேர்த்தே நடத்தலாம். இவற்றுக்குப் பெருநிதியோ புதிய சட்டமோ தேவையில்லை.

தொடக்கத்தில் குறிப்பிட்ட இளைஞனுக்கு வருகிறேன். மறுநாள் ஜும்ஆவுக்குப் பின் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். தந்தையிடம் அனுமதி கேட்டு, அவனோடு கொல்லைப்புற வேப்பமரத்தடியில் அமர்ந்தேன். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். நெடுநேரம் விடையில்லை. பிறகு சொன்னான்: "தஞ்சாவூருக்கு வர்றேன், ஹஜரத். உம்மாவும் கூட வரணும். ராத்திரியில வெளியே தாழ்ப்பாள் போட வேணாம்னு அத்தாகிட்ட சொல்லுங்க."

தாழ்ப்பாளைப் பற்றி அதுவரை எவரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. திண்ணையில் அரை மணி நேரம் நான் எடுத்துரைத்த ஆதாரங்களில் அதற்கான விடையும் இருந்ததில்லை. அன்றிரவு முதல் தாழ்ப்பாள் போடுவதில்லை என்றும், கூடத்தில் அவனருகே தாமே படுத்துக்கொள்வதாகவும் அவன் தந்தை ஒப்புக்கொண்டார். அடுத்த வாரம் மூவரும் ரயிலேறினார்கள். நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. அவர்கள் பேசும்போது நின்று கேட்கும் பொறுமையை நமக்கும் அருள்வானாக. ஆமீன்.